ஜப்பானியப் பேய்களும் நமது விமர்சகர்களின் அவசரமும்

ஜப்பானைப் பற்றி நமது இலக்கியக் கூட்டங்களில் பேச்செடுத்தால் இரண்டு விதமானவர்கள் எழுந்து நிற்பார்கள். முதலாமவர் முற்போக்காளர். "புல்லட் ரயில் விட்ட நாட்டில் இன்னும் பேய்க்கு விளக்கு வைக்கிறார்கள், பார்த்தீர்களா? விஞ்ஞானம் கைக்கு வந்தது, மூளைக்கு வரவில்லை" என்று சிரிப்பார். இரண்டாமவர் அழகியல்வாதி. "அதுதான் கீழைத்தேய மனம். நவீனமும் அமானுஷ்யமும் ஒரே வீட்டில் குடியிருக்கும் அற்புதம்" என்று சொல்லிக் கண்களை மூடிக்கொள்வார். இருவரும் ஒருவரையொருவர் எதிரி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு விடயத்தில் இருவரும் ஒற்றுமை. அந்தப் பேய் யார், உயிரோடிருந்த காலத்தில் என்ன செய்தது, எப்படிச் செத்தது, யார் கொன்றார்கள் என்று இருவருமே கேட்பதில்லை.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற ஒரு கிராமத்து வாத்தியார். ஜப்பானிய மொழி அறியேன். கையில் கிடைத்த மொழிபெயர்ப்புகளையே வாசித்தவன். ஆனாலும் ஒரு கதையை வகுப்பில் எடுத்தால் "யார், எங்கே, ஏன்" என்று பிள்ளைகளைக் கேட்கப் பழக்குவது எனது தொழில். தரம் ஆறு மாணவனிடம் நாம் எதிர்பார்க்கும் அந்த மூன்று கேள்விகளை நமது விமர்சகர்களிடமும் எதிர்பார்ப்பது குற்றமாகாது என்று நினைக்கிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஜப்பானியர் எல்லாவற்றையும் ஒரே கூடைக்குள் போட்டுப் பேய் என்பதில்லை. 'யோகாய்' என்பது ஆறு, மலை, பழைய குடை, நரி, பூனை முதலியவற்றோடு ஒட்டிய விசித்திரப் பிறவிகளின் பெயர். 'யூரே' என்பது செத்த மனிதரின் ஆவி. அதிலும் அநியாயமாகச் செத்து, வஞ்சம் தீராமல் திரும்பி வருவதை 'ஒன்ரியோ' என்பார்கள். நமது பிள்ளைகள் 1998இல் வெளிவந்த 'ரிங்கு' படத்தின் வழியாகவும் அதைப் பார்த்து ஹொலிவூட் எடுத்த படத்தின் வழியாகவும் அறிந்து வைத்திருக்கும் அந்த வெள்ளை உடை, முகத்தை மறைக்கும் கூந்தல், கிணற்றிலிருந்து ஏறிவரும் பெண், எல்லாம் இந்த மூன்றாவது வகையின் வாரிசுகள். கூந்தலும் கிணறும் தெரிந்திருக்கிறது. அவளைக் கிணற்றில் போட்டது யார் என்பது மட்டும் மறந்து போயிருக்கிறது.

ஒகிக்குவின் கதையை எடுப்போம். அவள் ஒரு சாமுராய் வீட்டு வேலைக்காரி. வீட்டின் பொக்கிஷமான பத்துத் தட்டுகள் அவளுடைய பொறுப்பில். ஒரு தட்டுக் காணாமற் போகிறது. ஒரு வழக்கில், அவள் தன் ஆசைக்கு இணங்காததால் எஜமானே தட்டை ஒளித்து வைக்கிறான். கொன்று கிணற்றில் வீசுகிறான். அதன்பின் இரவுதோறும் கிணற்றுக்குள்ளிருந்து எண்ணும் குரல் கேட்கிறது: ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது வரை. பத்து வருவதேயில்லை, ஓலம்தான் வருகிறது. ஹிமேஜி கோட்டையில் இன்றைக்கும் 'ஒகிக்குவின் கிணறு' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். இக்கதையில் நமது முற்போக்காளர் கண்டது பேயை. நான் கண்டது ஒரு கணக்கு வழக்கை. களவுப் பழி சுமத்தப்பட்ட ஒரு வேலைக்காரிக்குத் தன் நேர்மையை நிரூபிக்க எந்த மன்றமும் திறந்திருக்கவில்லை. உயிரோடு சொல்ல முடியாததைச் செத்த பிறகு எண்ணிக் காட்டுகிறாள். வாயில்லாதவளுக்கு ஊர் கொடுத்த வாய் அது.

ஒய்வாவின் கதை இன்னும் கூர்மையானது. நான்காம் த்சுருயா நம்போக்கு எழுதிய 'தோகாய்தோ யொத்சுயா கைடான்' என்ற கபுக்கி நாடகம் 1825இல் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், முதன்முதலாக மேடையேறியது. எஜமானை இழந்து வறுமைப்பட்ட சாமுராய் இயேமொன். அவனைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாக்க விரும்பும் பணக்கார அயலார், பிள்ளை பெற்றுப் பலவீனமாயிருக்கும் அவன் மனைவி ஒய்வாவுக்கு மருந்தென்று சொல்லி நஞ்சை அனுப்புகிறார்கள். அவள் முகம் விகாரப்படுகிறது, மயிர் கொத்தாகக் கழன்று வருகிறது, சாகிறாள். இயேமொன் தன் வேலைக்காரனையும் கொன்று, இருவர் உடலையும் ஒரு கதவுப் பலகையின் இரு பக்கங்களில் அறைந்து ஆற்றில் விடுகிறான். பிறகு ஒய்வா வருகிறாள். அவன் பார்க்குமிடமெல்லாம் அவள் முகம்.

இந்த நாடகம் முதன்முதல் மேடையேறியபோது தனியாக ஆடப்படவில்லை. எஜமானுக்காக உயிர்விட்ட நாற்பத்தேழு சாமுராய்களைப் போற்றும் 'சூஷிங்குரா' நாடகத்தோடு பின்னி, இரண்டு நாள் நிகழ்ச்சியாக ஆடப்பட்டது. இயேமொன் அந்த நாற்பத்தேழு பேர் சேவித்த அதே வீட்டு ஊழியனாகவே படைக்கப்பட்டிருக்கிறான். ஒரு மேடையில் விசுவாசத்தின் புகழ். அதே மேடையில், அந்த வீட்டு வாளைத் தரித்தவன் சமையலறையில் தன் பெண்சாதிக்குச் செய்த கொடுமை. ஆட்சியாளரைப் பற்றி நேரடியாக நாடகம் போட முடியாத தணிக்கைக் காலத்தில், வீரத்தின் மறுபக்கத்தைப் பேச நம்போக்குவுக்கு ஒரு பேய் தேவைப்பட்டது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர், நாடகத்தில் கொலையைப் பார்க்காமல் மாயாஜாலத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்.

முதலாமவர் இங்கே குறுக்கிடுவார். "அப்படியானால் பேய் நம்பிக்கையை ஆதரிக்கிறீரா?" இல்லை. ஜப்பானில் இக்கேள்வியை நம்மைவிடப் பொறுப்பாகக் கேட்ட ஒருவர் இருந்தார். இனோயே என்றியோ (1858–1919). ஒரு பௌத்த ஆலயக் குடும்பத்தில் பிறந்த தத்துவவாதி. 1887இல் அவர் தொடங்கிய தத்துவக் கல்விக்கூடமே பின்னர் தோயோ பல்கலைக்கழகமாயிற்று. ஊர் ஊராகப் போய்ப் பேய்க்கதைகளைத் திரட்டி, ஒவ்வொன்றின் காரணத்தையும் தேடினார். 1880களில் 'கொக்குரி' என்ற ஆவி அழைக்கும் விளையாட்டு நாடெங்கும் பரவியபோது, கம்புகளின் மேல் வைத்த மூடி அசைவது ஆவியால் அல்ல, கை வைத்திருப்போரின் எதிர்பார்ப்பும் அவர்கள் அறியாமலே நிகழும் தசை அசைவும்தான் என்று விளக்கினார். 'பேய்ப் பண்டிதர்' என்று மக்கள் அவருக்குப் பெயர் வைத்தார்கள். அவர் சிரித்துவிட்டுப் போகவில்லை, ஆயிரக்கணக்கில் திரட்டி வகைப்படுத்தினார். பொய்யான புதிர்களைக் கழித்த பிறகும் பிரபஞ்சத்தில் 'உண்மைப் புதிர்' ஒன்று எஞ்சும் என்று ஏற்றும்கொண்டார். நமது முற்போக்காளர் என்றியோவின் முடிவை மட்டும் கடன் வாங்குகிறார். அவருடைய உழைப்பைக் கடன் வாங்குவதில்லை.

எதை எதிர்க்க வேண்டும் என்பதற்கு ஜப்பானிலேயே நல்ல உதாரணங்கள் உண்டு. 'ஹினோயே உமா' என்ற தீக்குதிரை ஆண்டு அறுபது வருடங்களுக்கு ஒருமுறை வரும். அவ்வாண்டில் பிறக்கும் பெண் புருஷனைத் தின்பவள் என்பது நம்பிக்கை. 1965இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 18 இலட்சத்து 24 ஆயிரம். தீக்குதிரை ஆண்டான 1966இல் 13 இலட்சத்து 61 ஆயிரம். 1967இல் மீண்டும் 19 இலட்சத்தைத் தாண்டியது. ஒரே வருடத்தில் நாலில் ஒரு பங்கு வீழ்ச்சி. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே புல்லட் ரயில் ஓடத் தொடங்கி இரண்டாவது வருடம் அது. கருத்தடையாலும் கருக்கலைப்பாலும் இந்த மூடநம்பிக்கை ஒரு தேசத்தின் சனத்தொகை வரைபடத்தில் பள்ளம் தோண்டியது. முந்திய சுற்றான 1906இல் பிறந்த பெண்கள் கலியாண வயதில் பட்ட அவமானம் தாய்மாரின் நினைவில் இருந்ததும் இதற்கொரு காரணம். அடுத்த சுற்று 2026.

இந்த நம்பிக்கையின் வேரில் கிடப்பவளும் ஒரு பெண்தான். எடோவின் மரக்கறி வியாபாரி ஒருவரின் மகள் ஒஷிச்சி. தீ விபத்தொன்றின்போது தஞ்சம் புகுந்த ஆலயத்தில் ஓர் இளைஞனைக் காதலித்தாள் என்றும், அவனை மீண்டும் காண்பதற்காகத் தானே தீ வைத்தாள் என்றும் கதை. 1683இல் அவளை உயிரோடு எரித்தார்கள். அவள் 1666ஆம் ஆண்டாகிய தீக்குதிரை ஆண்டில் பிறந்தவள் என்று சொல்லப்பட்டது. கவனியுங்கள்: பதின்ம வயதுப் பெண்ணைக் கொளுத்திய சட்டத்தின் மீது எந்தச் சாபமும் ஒட்டவில்லை. அவளைப் போலப் பிறந்த எல்லாப் பெண் குழந்தைகள் மீதும் ஒட்டியது.

இசுமோப் பகுதியின் 'நரி வைத்திருக்கும்' குடும்பங்களின் கதையும் இதே இனம். ஊரில் புதிதாகத் தலையெடுத்த குடும்பங்களைப் பார்த்து, அவர்கள் கண்ணுக்குத் தெரியாத நரிகளை வளர்க்கிறார்கள், அவற்றை ஏவிச் செல்வம் சேர்க்கிறார்கள் என்று பழி சொன்னார்கள். அது தலைமுறை தலைமுறையாக இறங்கிற்று. பெண் கொடுக்க மறுத்தார்கள், எடுக்க மறுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் கலியாணங்கள் இதனால் முறிந்தன.

இப்போது ஒகிக்குவையும் ஒய்வாவையும் ஒரு பக்கத்தில் வையுங்கள். தீக்குதிரையையும் நரியையும் மறு பக்கத்தில் வையுங்கள். முதற் பக்கத்துக் கதைகள் கொன்றவனைத் துரத்துகின்றன. மறு பக்கத்து நம்பிக்கைகள் ஒரு பாவமும் அறியாதவர்களைத் துரத்துகின்றன. முதலாவது செத்தவரின் பக்கம் நின்று பேசுகிறது. இரண்டாவது உயிரோடிருப்பவரை, அதிலும் பெண்ணையும் அந்நியனையும், ஒதுக்குகிறது. இரண்டையும் 'அமானுஷ்யம்' என்ற ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டுவது பகுத்தறிவல்ல, சோம்பேறித்தனம்.

இனி அழகியல்வாதிக்கு வருகிறேன். அவருடைய ஆசான் லாஃப்காடியோ ஹேர்ன். கிரேக்கத் தீவொன்றில் 1850இல் பிறந்து, 1890இல் ஜப்பானுக்கு வந்து, மாட்சுவே என்ற சிறு நகரில் பாடசாலை ஆசிரியராக இருந்து, கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டவர். 1904இல் வெளிவந்த அவருடைய 'குவைடான்' உலகெங்கும் ஜப்பானியப் பேய்களை அறிமுகம் செய்தது. அவர் என் தொழில்காரர், அவர்மீது எனக்கு மரியாதையுண்டு. அக்கதைகளில் பலவற்றை அவருக்கு வாயால் சொன்னவர் மனைவி செத்சு. அட்டையில் செத்சுவின் பெயர் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. அந்நூலின் முதற்கதையில், 1185இல் தன்-நோ-உராக் கடற்போரில் அழிந்த ஹெய்க்கே குலத்தின் ஆவிகள், குருட்டுப் பாடகன் ஒருவனை இரவில் அழைத்துப்போய்த் தங்கள் தோல்வியையே பாடச் சொல்லிக் கேட்டு அழுகின்றன. அப்போரில் மூழ்கியவர்களில் அன்டொகு என்ற குழந்தைச் சக்கரவர்த்தியும் ஒருவன். அழகியல்வாதி இதில் நிலவையும் யாழையும் ரசிக்கிறார். வென்றவர்கள் அரசாளும் நாட்டில், தோற்றவர்களின் சரித்திரத்தைச் செத்தவர்களே தேடிவந்து கேட்கிறார்கள் என்பது அவருக்குப் படுவதேயில்லை.

பேயை அலங்காரமாக்குவதில் ஆட்சியாளர்கள் அழகியல்வாதியைவிடக் கெட்டிக்காரர்கள். சுகவாரா நோ மிச்சிசானே பெரும் அறிஞர். அரசவையில் உயர்ந்ததைப் பொறுக்காத புஜிவாராக் குலத்தவரின் அவதூறால் 901இல் தூரத்து தசாய்ஃபுவுக்குத் துரத்தப்பட்டு, 903இல் அங்கேயே மாண்டார். பின்னர் அவருடைய எதிரி அகாலத்தில் இறந்தான். 923இல் பட்டத்து இளவரசர் இறந்தார். 930இல் அரண்மனையில் இடி விழுந்து ஆட்கள் செத்தார்கள், அதே வருடம் சக்கரவர்த்தியும் போய்ச்சேர்ந்தார். எல்லாம் மிச்சிசானேயின் கோபம் என்று நடுங்கினார்கள். செத்தவருக்குப் பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 947இல் கியோட்டோவில் கித்தானோ ஆலயம் எழுப்பினார்கள். இன்று அவர் கல்வித் தெய்வம். பரீட்சைக் காலத்தில் மாணவர்கள் மரப்பலகையில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுகிறார்கள்.

இதை ஆன்மிகச் சமரசம் என்று புகழ்வாரும் உளர். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவதூறு சொன்னது யார், நம்பியது யார், தண்டித்தது யார் என்ற விசாரணை நடக்கவில்லை. குற்றவாளிகள் தெய்வத்தின் காவலர்களாகிவிட்டார்கள். கோயில் கட்டுவது மன்னிப்புக் கேட்பதைவிட மலிவானது. ஆனாலும் அந்த நடுக்கத்தில் ஓர் உண்மை உண்டு: தான் செய்தது அநியாயம் என்று அரசவைக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திராவிட்டால் இடியைக் கண்டு ஏன் மிச்சிசானேயை நினைக்க வேண்டும்?

என் வாதத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். ஜப்பானின் வடகிழக்குக் கரையான சன்ரிகுவை 1896 ஜூன் 15இல் கடல் விழுங்கியது. ஏறத்தாழ 22,000 பேர் மாண்டார்கள். நாட்டார் வழக்காற்றியலின் தந்தை என்று ஜப்பானியர் போற்றும் யனகிதா குனியோ 1910இல் வெளியிட்ட 'தோனோக் கதைகள்' நூலின் 99ஆவது கதை அக்கடல்கோளைப் பற்றியது. மனைவியைப் பறிகொடுத்த ஒருவன், எஞ்சிய இரண்டு பிள்ளைகளோடு குடிசை போட்டிருக்கிறான். ஒரு வருடம் கழித்து, மூடுபனி இரவொன்றில் கடற்கரையில் மனைவியைக் காண்கிறான். அவளோடு இன்னொருவன். கலியாணத்துக்கு முன் அவளை விரும்பியவன், அவனும் அதே அலையில் போனவன். "இப்போது இவருடன் வாழ்கிறேன்" என்கிறாள். "பிள்ளைகள்மேல் பாசமில்லையா?" என்று இவன் கேட்க, முகம் மாறி அழுகிறாள். பிறகு இருவரும் மலைப்பக்கம் மறைந்துவிடுகிறார்கள். இவர்கள் செத்தவர்கள் என்பது இவனுக்கு அப்போதுதான் நினைவு வருகிறது. விடியும்வரை அங்கேயே நிற்கிறான். நெடுநாள் நோயாகக் கிடக்கிறான்.

இதில் எங்கே மூடநம்பிக்கை? எங்கே கீழைத்தேய மாயம்? ஓர் ஏழைக் குடியானவனின் துக்கமும், துக்கத்திலும் விடாத பொறாமையும், தாயைத் தேடும் இரண்டு பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள். இறந்தோரின் தொகையை அரசாங்க அறிக்கை சொல்லும். இதைச் சொல்லாது.

அதே கரையை 2011 மார்ச் 11இல் மீண்டும் கடல் ஏறி மிதித்தது. ஏறத்தாழ 15,900 பேர் மரணம், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் காணாமற் போனோர் பட்டியலில். சுனாமி என்ற சொல்லே அவர்களுடையது. அதன் பொருளை 2004 டிசம்பருக்குப் பிறகு நமது கிழக்குக் கரைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இஷினோமாக்கி நகரின் டாக்சிச் சாரதிகளிடம் பல்கலைக்கழக மாணவி ஒருவர் நடத்திய விசாரிப்புகள் 2016இல் நூலில் வெளிவந்தன. கோடையில் குளிர்கால அங்கியோடு ஏறிய பெண், வெறிச்சோடிய பகுதியின் பெயரைச் சொல்லி அங்கே போகக் கேட்டாள். "அங்கே இப்போது ஒன்றுமில்லையே" என்றதற்கு, "நான் செத்துவிட்டேனா?" என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தால் இருக்கை வெறுமை. இத்தகைய பயணங்களின் கட்டணத்தைச் சாரதிகள் தம் கையிலிருந்தே கட்டினார்கள். பயந்ததாக அவர்கள் சொல்லவில்லை. இனியும் ஏறினால் ஏற்றிச் செல்வோம் என்றே பேசினார்கள். இவர்களைப் பார்த்துச் சிரிக்க முற்போக்காளருக்கு மனம் வருமா?

ஆனால் அழகியல்வாதியே, நீங்களும் இங்கே கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். அதே இஷினோமாக்கியில் ஒகாவா ஆரம்பப் பாடசாலை இருந்தது. பூமி அதிர்ந்தது பிற்பகல் 2.46க்கு. பாடசாலைக்குப் பின்னால் ஏறத்தக்க குன்று இருந்தது. பிள்ளைகளை ஏறத்தாழ ஐம்பது நிமிடம் மைதானத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகு ஆற்றங்கரைப் பாலத்துப் பக்கமாக நடத்திச் சென்றார்கள். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் போனார்கள். ஒரு வாத்தியாராக இந்தக் கணக்கை என்னால் வெறும் கணக்காக வாசிக்க முடியவில்லை.

அந்தப் பெற்றோரிலும் பிள்ளையின் காலடியோசையைக் கேட்க ஏங்கியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்களில் 23 பிள்ளைகளின் குடும்பங்கள் அந்த ஏக்கத்தோடு நின்றுவிடவில்லை. வழக்குத் தொடுத்தார்கள். "பிணத்தைக் காட்டிக் காசு கேட்கிறார்கள்" என்ற ஏச்சையும் தாங்கினார்கள். 2018இல் செண்டாய் மேல் நீதிமன்றம், அனர்த்தத்துக்கு முன்னரே சரியான வெளியேற்றத் திட்டம் வகுக்காதது பாடசாலையினதும் கல்விச் சபையினதும் தவறு என்று தீர்த்தது. 2019 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. மிச்சிசானேக்குக் கிடைக்காத விசாரணை ஒகாவாப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. ஆலயம் கட்டிச் சமாதானப்படுத்தும் ஆயிரம் வருட வழக்கத்தைச் சில பெற்றோர் மறுத்ததால் கிடைத்தது.

ஆகவே, நாட்டார் கதைகளைப் பற்றி எழுதப் புறப்படும் நமது நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரு பேய்க்கதை கையில் வந்தால் நம்புவதா மறுப்பதா என்ற விவாதத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். செத்தவர் யார்? கொன்றவர் யார்? கதை யாரைத் துரத்துகிறது? இம்மூன்றையும் கேளுங்கள். கதை கொடியவனைத் துரத்தினால் அதைப் பொக்கிஷமாகப் பதிவு செய்யுங்கள், அது எழுதப்படாத வழக்கேடு. அப்பாவியைத் துரத்தினால் என்றியோவைப் போல உழைத்து அதை உடையுங்கள். கதை துக்கத்தை மட்டும் சுமந்து வந்தால் அந்தச் சாரதிகளைப் போல மரியாதையாக ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுங்கள்.

ஒகிக்குவின் கதைக்குச் சில ஊர்களில் ஒரு முடிவு சொல்கிறார்கள். அவள் ஒன்பது என்று எண்ணி முடிந்ததும், மறைந்திருந்த ஒருவர் உரத்த குரலில் "பத்து!" என்று கத்துகிறார். கணக்குச் சரிவந்ததும் ஓலம் நின்றுவிடுகிறது. எழுதுகிறவனின் வேலை அந்தப் பத்தைச் சொல்வது. கிணற்றடியில் நின்று சிரிப்பதோ, குரல் இனிமையாயிருக்கிறது என்று தலையாட்டுவதோ அல்ல.